யாங்கோன் தெருவில் நின்று பெர்ஸ்பெக்டிவ் பழகுவது எப்படி

பெர்ஸ்பெக்டிவ் டிராயிங், அதாவது தூரம் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் காட்டும் முறை, இதைக் கற்றுத்தரும் புத்தகமோ வீடியோவோ எதை எடுத்தாலும் முதல் பாடம் வெறும் தாளில் மிதக்கும் ஒரு பெட்டிதான். பெட்டியை வரைந்து வரைந்து கை பழகிவிடும். ஆனால் அதே ஆள் தெருவுக்கு வந்து நோட்டைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிப்பார். புத்தகத்துப் பெட்டிக்குக் கண்மட்டக் கோட்டை அவர்களே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், தெருவில் அதை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும், அதுதான் சிக்கல். அதனால் இங்கே முறையை மாற்றிக்கொள்கிறேன். முதலில் கண்மட்டம், பெட்டி கிட்டி எல்லாம் அப்புறம்.

யாங்கோனில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி. 1852 ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் நகரத்தின் நடுப்பகுதியைக் கட்டம் கட்டமாகத் திட்டம் போட்டுக் கட்டினார்கள். கிழக்கு மேற்காக ஸ்ட்ராண்ட் ரோடு, மகாபந்துலா ரோடு, அனவ்ரத்தா ரோடு, பொஜோ அவுங் சான் ரோடு. அவற்றை வெட்டிக்கொண்டு வடக்கிலிருந்து ஆற்றுப் பக்கமாக நேர்கோட்டில் இறங்கும் எண் போட்ட தெருக்கள். நம் தாத்தா பாட்டிகள் டல்ஹவுசி தெரு, ஃப்ரேசர் தெரு என்று சொன்னதெல்லாம் இதே மகாபந்துலாவும் அனவ்ரத்தாவும்தான். ஒவ்வொரு தெருவும் குறுகல், நீளம், இரண்டு பக்கமும் அடுக்கு வீடுகள். மறைபுள்ளி, அதாவது விலகிப் போகும் கோடுகள் சேர்வதுபோல் தெரியும் புள்ளி, என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை.

வாங்க வேண்டியது அதிகமில்லை. ஒரு எச்பி பென்சில், ஒரு 2பி பென்சில், நல்ல ரப்பர், ஏ4 தாள், தாளைப் பிடித்துவைக்க ஒரு கிளிப் அட்டை, வீட்டில் வேலை செய்யும்போது மட்டும் ஒரு நீண்ட ஸ்கேல். தெருவில் ஸ்கேலை எடுக்காதீர்கள், எடுத்தால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும், ஸ்கேல் சொல்வதைக் கை வரைய ஆரம்பித்துவிடும்.

சரி, கண்மட்டம். உங்கள் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் உலகம் முழுக்க ஒரு தட்டையான கண்ணாடித் தகடு விரித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடு உங்கள் கண்ணுக்கு ஒற்றைக் கோடாகத்தான் தெரியும். அதுதான் கண்மட்டக் கோடு. கடற்கரையில் நின்றால் அடிவானம் அதே இடத்தில் இருக்கும், தெருவில் கட்டடங்கள் மறைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, ஆனால் கோடு இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க டீக்கடை போதும். கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்து மேலிருந்து பாருங்கள், வாய்ப்பகுதி அகலமான நீள்வட்டமாகத் தெரியும். இப்போது டம்ளரை மெதுவாக முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டே வாருங்கள். நீள்வட்டம் ஒடுங்கிக்கொண்டே வந்து ஓர் உயரத்தில் வெறும் கோடாகிவிடும், இன்னும் தூக்கினால் டம்ளரின் அடிப்பாகம் தெரிய ஆரம்பிக்கும். கோடாகத் தெரிந்த அந்தக் கணத்தில் டம்ளரின் விளிம்பு இருந்த உயரம்தான் உங்கள் கண்மட்டம். அந்த விளிம்புக்கு நேராக எதிர்க்கடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஷட்டரின் பூட்டா, சுவரில் ஒட்டிய நோட்டீஸா, தொங்கும் பிஸ்கட் பாக்கெட்டா. அதை மனதில் வைத்துக்கொண்டு தாளில் முதல் கோடாக அதைப் போடுங்கள். டீயைச் சிந்தாமல் செய்ய வேண்டும் என்றால் பாதி குடித்த பிறகு செய்யுங்கள். டம்ளர் இல்லாத இடத்தில் பென்சிலைப் படுக்கைவாட்டில் கண்ணுக்கு நேரே பிடித்தாலும் போதும்.

இந்தக் கோடு கிடைத்ததும் மற்றதெல்லாம் ஒரே விதிக்குள் அடங்கிவிடும். கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் கோடுகள், அதாவது பால்கனி விளிம்பு, போர்டின் மேல்பக்கம், கூரை எல்லாம் தூரம் போகப் போகக் கீழே இறங்கும். கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நடைபாதை விளிம்பு, சாக்கடை ஓரம், கடை வாசற்படி எல்லாம் தூரம் போகப் போக மேலே ஏறும். கண்மட்டத்திலேயே இருப்பது ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. தெருவில் நின்று சந்தேகம் வந்தால் கோடு மேலேயா கீழேயா என்று மட்டும் கேளுங்கள், பதில் தானாக வந்துவிடும்.

ஆட்களை வரைய இதே கோடுதான் உதவும், இதைப் பலர் சொல்லித்தருவதில்லை. நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், உங்கள் உயரமே உள்ள ஆள் பக்கத்தில் நின்றாலும் தெருக்கோடியில் நின்றாலும் அவர் கண் உங்கள் கண்மட்டக் கோட்டில்தான் இருக்கும். தூரத்து ஆளின் கால்தான் மேலே ஏறுமே தவிர தலை இறங்காது. டீக்கடையின் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும், அப்போது கண்மட்டக் கோடு நிற்கிறவர்கள் எல்லோரையும் இடுப்பில் வெட்டும், கிட்டத்து ஆளானாலும் சரி, தூரத்து ஆளானாலும் சரி. கைலியின் முடிச்சு எல்லோருக்கும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஆட்கள் தரையில் நிற்பார்கள், வராவிட்டால் சிலர் காற்றில் மிதப்பார்கள், சிலர் குழிக்குள் நிற்பார்கள்.

இப்போது ஒரு மறைபுள்ளி. காலையில் கார்கள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்வதற்கு முன்னால் ஏதாவது ஒரு எண் தெருவின் கீழ் பிளாக்கில் ஓரமாக நின்று தெருவின் நீளவாக்கில் பாருங்கள். உங்கள் பார்வைக்கு இணையாக உங்களைவிட்டு விலகிப் போகும் எல்லாக் கோடுகளும் கண்மட்டக் கோட்டில் ஒரே புள்ளியில் போய்ச் சேர்கின்றன. அதுதான் மறைபுள்ளி. அது எப்போதும் உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே இருக்கும், ஆகவே நீங்கள் இடது நடைபாதையில் நின்றால் புள்ளியும் இடப்பக்கம் தள்ளி வரும், வலப்பக்கச் சுவர் நிறையத் தெரியும், இடப்பக்கச் சுவர் ஒடுங்கிப்போகும். புள்ளியைத் தாளின் நட்டநடுவில் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தால் படம் விறைப்பாக இருக்கும். சுலே பகோடா ரோட்டிலோ மகாபந்துலா ரோட்டிலோ சுலேயைப் பார்த்து நின்றால், மறைபுள்ளி பகோடாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். புள்ளி தெரியாவிட்டாலும் இரண்டு பக்கக் கட்டடக் கோடுகளும் அங்கேதான் ஓடும், அந்த நகர அமைப்பே அப்படி.

வரையும் வரிசை இது. தாளில் கண்மட்டக் கோடு, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். அதில் மறைபுள்ளி. பிறகு பக்கத்தில் இருக்கும் கட்டடத்தின் மூலைக்கு ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் மறைபுள்ளிக்கு இரண்டு கோடுகள், சுவர் கிடைத்துவிட்டது. கட்டடத்தில் ஆறு மாடி என்றால் அந்த முதல் செங்குத்துக் கோட்டை ஆறு சமபங்காகப் பிரித்து ஒவ்வொரு குறியிலிருந்தும் மறைபுள்ளிக்கு மெல்லிய கோடு இழுங்கள். மாடிகள் எல்லாம் சரியாக அமைந்துவிடும். தெருவில் மாடிகளைத் தனித்தனியாகக் கண்ணால் அளக்க முயன்றால்தான் குழப்பம்.

செங்குத்துகள் செங்குத்தாகவே இருக்கட்டும். ஜன்னல், கதவு, குழாய், இவற்றோடு மேல்மாடிகளிலிருந்து கீழே தொங்கவிட்டிருக்கும் கயிறுகள், நுனியில் கிளிப் மாட்டியிருக்குமே, பேப்பர்காரர் பேப்பரை மாட்ட மேலே இழுத்துக்கொள்வார்களே, அவை. அந்தக் கயிறுகள் நிஜமாகவே தூக்குக்குண்டு வேலை செய்கின்றன. கட்டடம் வயதாகிச் சாய்ந்திருக்கலாம், கயிறு சாயாது. நோட்டை நிமிர்த்திப் பிடித்து கயிற்றோடு உங்கள் கோட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். அதேபோல் தெருவுக்குக் குறுக்கே, உங்களுக்கு எதிரே இடம் வலமாகப் போகும் கோடுகள் மறைபுள்ளிக்குப் போகாது, படுக்கையாகவே இருக்கும்.

அடுத்தது எல்லோரும் தடுமாறும் இடம்: தூண்கள், விளக்குக் கம்பங்கள், ஒரே அகலமுள்ள வாசல்கள் இவை தூரம் போகப் போக எவ்வளவு நெருங்குகின்றன? கண்ணால் குத்துமதிப்பாகப் போட்டால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். ஒரு வழி இருக்கிறது. முதல் தூணையும் இரண்டாம் தூணையும் பார்த்து வரைந்துகொள்ளுங்கள், இரண்டின் உச்சியும் அடியும் மறைபுள்ளிக்குப் போகும் கோடுகளில் நிற்க வேண்டும். முதல் தூணின் நடுப்புள்ளியிலிருந்து மறைபுள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள், அது இரண்டாம் தூணை அதன் நடுவில் வெட்டும். இப்போது முதல் தூணின் உச்சியிலிருந்து இந்த நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு, தரைக்கோட்டைத் தொடும் வரை. தொடும் இடம்தான் மூன்றாம் தூணின் அடி. அங்கே செங்குத்தாக நிறுத்துங்கள், பிறகு இரண்டாம் தூணின் உச்சியிலிருந்து மூன்றாம் தூணின் நடு வழியாக அடுத்த சாய்கோடு, நான்காம் தூண். இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். பழைய ஸ்காட் மார்க்கெட், இப்போதைய பொஜோ சந்தை முகப்பில் உள்ள தூண் வரிசையில் இதைச் செய்து பாருங்கள். எண் தெருக்களின் அடுக்கு வீடுகளுக்கு இது ஒத்துவராது, அங்கே ஒவ்வொரு வீட்டு அகலமும் வேறு, கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு சுவரின் நடு எங்கே என்று தெரிய வேண்டுமா, மூலைவிட்டங்கள் இரண்டையும் போடுங்கள், வெட்டும் இடம் நடு. கதவை நடுவில் வைக்க, ஜன்னலை நடுவில் வைக்க இது போதும். ஸ்கேலால் அளந்து பாதியைக் குறித்தால் கதவு உங்களுக்குக் கிட்டே இருக்கும் பக்கமாகத் தள்ளி வந்துவிடும்.

வீட்டிலேயே பழக ஒரு வழி சொல்கிறேன். இங்கே பெரும்பாலான மாடி வீட்டு ஜன்னல்களில் இரும்புக் கம்பி உண்டு. கம்பி சதுரம் சதுரமாக இருந்தால் யோகம்தான். ஒரு நாற்காலியை நகராதபடி வைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிர் வீட்டுக் கோடு ஒவ்வொன்றும் எந்தச் சதுரத்தில் நுழைந்து எந்தச் சதுரத்தில் வெளியேறுகிறது என்று பாருங்கள். தாளிலும் அதே கட்டங்களை லேசாகப் போட்டு அப்படியே எடுத்து எழுதுங்கள். விதி எதுவும் தெரியாமலே சரியான பெர்ஸ்பெக்டிவ் வந்து நிற்கும். தலையைக் கொஞ்சம் அசைத்தால் எல்லாம் மாறிவிடும் என்பதையும் அப்போதுதான் கவனிப்பீர்கள்.

இந்த முறையின் அடிப்படையே அதுதான்: ஒரே கண், ஒரே இடம், அசையாத தலை. ஃப்ளாரன்ஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கட்டடத்தைப் பலகையில் வரைந்து, பலகையில் ஓட்டை போட்டு, பின்பக்கமிருந்து அந்த ஓட்டை வழியாக எதிரே பிடித்த கண்ணாடியில் படத்தைப் பார்க்க வைத்தார். பார்ப்பவர் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஓட்டை முடிவுசெய்துவிட்டது. 1435இல் அல்பெர்ட்டி இதை முறையாக எழுதிவைத்தார். அதற்கு முன்னால் வரைந்தவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. பழைய பர்மியத் தலைநகரான பாகனின் கோயில் சுவரோவியங்களைப் பாருங்கள், ஒரே பார்வையிடம் என்ற எண்ணமே அவற்றில் இல்லை, யார் முக்கியமோ அவர் பெரிதாக இருப்பார், அதில் ஒரு குறையும் தெரியாது. இந்த மேற்கத்திய முறை பர்மிய ஓவியத்தில் ஊன்றியதில் 1920களில் லண்டனில் படித்துவந்த ஓவியர் ஊ பா ஞானுக்குப் பெரிய பங்கு உண்டு. என் கருத்து இது: தெருவையும் கட்டடத்தையும் வரைய இதைப் போல உதவுவது வேறில்லை, கதை சொல்ல இது கட்டாயமில்லை.

இரண்டு மறைபுள்ளிக்கு வருவோம். அனவ்ரத்தா ரோடும் ஒரு எண் தெருவும் சந்திக்கும் முக்கில், கட்டடத்தின் மூலை உங்களைப் பார்த்திருக்கும்படி எதிர்ப்பக்கம் நில்லுங்கள். இப்போது ஒரு சுவர் இடப்பக்கம் ஓடுகிறது, இன்னொன்று வலப்பக்கம் ஓடுகிறது, இரண்டுக்கும் தனித்தனி மறைபுள்ளி, இரண்டும் அதே கண்மட்டக் கோட்டில். முதலில் வரைய வேண்டியது அந்த மூலைச் செங்குத்து. அதன் உச்சியிலிருந்து இடம் வலமாக இரண்டு கோடு, அடியிலிருந்து இரண்டு கோடு. மாடிகள் முன்பு சொன்னதுபோலவே.

புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டு புள்ளிகளையும் தாளுக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. கட்டடம் கப்பல் முனைபோல் கூர்மையாகி முகத்தில் வந்து குத்தும். புள்ளிகள் தாளுக்கு வெளியே இருக்க வேண்டும். படுக்கைவாட்டில் வைத்த ஏ4 தாள் என்றால், இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே தாளின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். வீட்டில் மேசைமேல் தாளை ஒட்டிவிட்டு இரண்டு பக்கமும் செல்லோடேப் துண்டில் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஊசியில் நூல் கட்டிவிட்டால் நீண்ட ஸ்கேல்கூட வேண்டாம், நூலை இழுத்துப் பிடித்து அதன் ஓரமாகக் கோடு போடலாம். தெருவில் நூலுக்கு வழியில்லை, அங்கே கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, எவ்வளவு சாய்கின்றன என்று பென்சிலைக் கட்டடத்தின் விளிம்போடு ஒட்டிப் பிடித்துப் பார்த்து அந்தச் சாய்வைத் தாளுக்குக் கொண்டுவாருங்கள். சரிபார்க்க ஒரு சோதனை: உங்களுக்குக் கிட்டே இருக்கும் மூலையின் அடியில் இரண்டு தரைக்கோடுகளும் சேரும் கோணத்தில் வேறொரு தாளின் மூலையை வைத்துப் பாருங்கள். கோணம் தாளின் மூலையைவிட விரிந்திருக்க வேண்டும். குறுகியிருந்தால் புள்ளிகள் மிகவும் நெருங்கிவிட்டன என்று அர்த்தம்.

வட்டங்கள். சைக்காவின் (பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்ஷா) சக்கரம், பானை, டம்ளர், பிளாஸ்டிக் வாளி எல்லாமே சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டம்தான். முதலில் பெர்ஸ்பெக்டிவில் ஒரு சதுரம் வரையுங்கள், மூலைவிட்டம் போட்டு நடுவைக் கண்டுபிடியுங்கள், நடுவழியாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு நான்கு பக்கத்தின் நடுவையும் எடுங்கள், நீள்வட்டம் அந்த நான்கு இடத்தையும் தொட்டுப் போக வேண்டும். இரண்டு முனைகளும் உருண்டையாக இருக்கட்டும், எலுமிச்சை நுனி வரக் கூடாது. டம்ளரை மேலிருந்து பார்க்கும்போது வாயைவிட அடி அதிகம் விரிந்த நீள்வட்டமாக இருக்கும், ஏனென்றால் அடி கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. அடியைத் தட்டையாக ஒரு கோடு போட்டு முடித்துவிடும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் வளையங்கள், உதாரணமாக ஷ்வேடகோன் பகோடாவின் மணிபோன்ற பகுதிக்கு மேலுள்ள வளையங்கள், நமக்குத் தெரியும் முன்பக்கம் மேல்நோக்கி வளையும். சுலே கடைசிவரை எண்கோணமாகவே ஏறும், அதற்குச் சதுரத்தின் மூலைகளை வெட்டி எண்கோணம் எடுத்துத் தொடங்க வேண்டும்.

சாய்வான தளத்துக்கு ஷ்வேடகோனின் மூடிய படிக்கட்டில் பாடம் கிடைக்கும். கீழே நின்று மேலே பாருங்கள். இரு பக்கக் கடைகளின் பலகைகள் தட்டையானவை, அவை கண்மட்டத்து மறைபுள்ளிக்கே போகும். ஆனால் படிக்கட்டின் பக்கவிளிம்பும் கைப்பிடியும் ஏறுகின்றன, அவை அந்தப் புள்ளிக்கு நேர் மேலே வேறொரு புள்ளியில் சேரும். மேலே நின்று கீழே பார்த்தால் அந்த இரண்டாம் புள்ளி நேர் கீழே இறங்கிவிடும். ஒரே படத்தில் தட்டையானதற்கு ஒரு புள்ளி, சாய்வானதற்கு ஒரு புள்ளி, இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில். மேடான தெருவுக்கும் இதுதான்.

அனவ்ரத்தா ரோட்டு ஸ்ரீகாளி கோயில் கோபுரத்தை நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தால் செங்குத்துகளும் மேலே குறுகுவதுபோல் தெரியும். அது மூன்றாவது மறைபுள்ளி, அதோடு கோபுரமே இயல்பில் குறுகும் வடிவம் வேறு. ஆரம்பத்தில் இதைத் தொடாதீர்கள். எதிர்ச்சாரிக்குப் போய்த் தள்ளி நின்று, தலையைத் தூக்காமல் பார்க்க முடிகிற தூரத்திலிருந்து வரையுங்கள், செங்குத்துகள் செங்குத்தாகவே நிற்கும். போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைவதாக இருந்தால் அகலக்கோண லென்ஸ் வேண்டாம், ஓரங்கள் எல்லாம் இழுபட்டிருக்கும், அதைப் பார்த்துப் பழகினால் கண் கெட்டுவிடும்.

தூரத்தைக் காட்டக் கோடு மட்டும் போதாது. பக்கத்தில் இருப்பதை 2பியில் அழுத்தி, தூரத்தில் இருப்பதை எச்பியில் லேசாக. மழைக்காலத்தில் இது தானாகவே அமைந்துவிடும், தெருக்கோடியே சாம்பலாகிப்போகும், அப்போது ஆற்றுப் பக்கம் பார்த்து வரைந்தால் பாதி வேலை மழையே செய்துவிடும்.

மழைக்காலத்தில் தெருவில் நிற்க முடியாது என்பதும் உண்மை, அதனால் பால்கனியில் உட்காருங்கள். மூன்றாம் மாடி என்றால் உங்கள் கண்மட்டம் எதிர்வீட்டு மூன்றாம் மாடி ஜன்னலில் இருக்கும். எந்த ஜன்னலின் மேல்விளிம்பு இறங்கி, கீழ்விளிம்பு ஏறுகிறதோ அங்கே, இரண்டுக்கும் நடுவே. கீழே நடக்கும் ஆட்கள் எல்லோரும் கோட்டுக்குக் கீழே, தெரு அகலமாக விரிந்து தெரியும், கூரைத் தகரங்களின் மேல்பக்கமும் தெரியும். எண் தெருக்களில் எதிர்ச்சுவர் மிகப் பக்கத்தில் இருப்பதால் நேராகப் பார்க்காதீர்கள், பால்கனியின் ஓரத்துக்குப் போய்த் தெருவின் நீளத்தைப் பாருங்கள். வெளியே போகும் நாட்களில் அரசாங்கக் கட்டடங்கள், காவல் சாவடிகள் பக்கம் நோட்டை எடுக்க வேண்டாம், தேவையில்லாத கேள்விகள் வரும். டீக்கடையில் உட்கார்ந்தால் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போங்கள், ஒரு டீக்கு நீண்ட நேரம் மேசையைப் பிடித்துவைத்தால் கடைக்காரர் முகம் மாறும், இன்னொரு டீயோ ஒரு பலாட்டாவோ சொல்லிவிடுங்கள்.